காரணம் கூறாத கருவி

நோய் நிர்ணயம் என்பது ஒரு வகைத் தீர்ப்பு. "உமக்கு இன்ன நோய்" என்று மருத்துவர் கூறிய கணத்திலிருந்து கேட்டவருடைய வாழ்க்கை வேறு வழியில் திரும்புகிறது. ஒருவர் அறுவைச் சிகிச்சைக்கு உடன்படுகிறார். ஒருவர் மாதக்கணக்கில் மருந்துண்ணத் தொடங்குகிறார். இன்னொருவர் பார்த்துவந்த வேலையை விட்டுச் சொந்த ஊருக்குத் திரும்புகிறார். நீதிமன்றத்தில் தீர்ப்பளிக்கும் நீதிபதி தம் முடிவுக்குரிய காரணங்களை எழுதிவைக்க வேண்டும் என்பது முறை. காரணம் தெரிந்தால்தான் மேல்முறையீடு செய்ய இயலும். மருத்துவரும் கேட்டால் காரணம் சொல்லக்கூடியவராகவே இதுகாறும் இருந்து வந்திருக்கிறார். நாடி பிடித்துப் பார்த்த பழைய வைத்தியரும், ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்ட புதிய டாக்டரும், "ஏன் அப்படிச் சொல்கிறீர்கள்?" என்று வினவினால் ஏதேனும் ஒரு விடை கூறினர். அவ்விடை எப்பொழுதும் சரியாக இருந்தது என்று சொல்வதற்கில்லை. ஆயினும், வினவுவதற்கு ஓர் ஆள் எதிரே இருந்தார்.

இன்று மருத்துவருக்கு அருகில் புதியதோர் உதவியாளர் வந்து அமர்ந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவு என்று அதனை அழைக்கிறோம். மார்பின் எக்ஸ்ரே படத்தையும், விழித்திரையின் படத்தையும், இருதயத்தின் மின்வரைபடத்தையும் அது நொடிப்பொழுதில் பார்த்து, "இங்கே நோய் இருக்கக்கூடும்" என்று ஓர் எண்ணாகவோ ஒரு குறியாகவோ தெரிவிக்கிறது. விடை கிடைக்கிறது, விளக்கம் கிடைப்பதில்லை. இந்நிலையில் நோயாளிக்குள்ள உரிமை என்ன, மருத்துவருக்குள்ள கடமை என்ன என்பதே இப்பேச்சின் பொருள்.

இதனைப் பற்றி எண்ணுவதற்குப் புனே நகரம் பொருத்தமான இடம். 1867-இல் திறக்கப்பட்ட ஸஸூன் மருத்துவமனை இங்கே உள்ளது. 1952-இல் வைரஸ் ஆராய்ச்சி நிலையமாகத் தொடங்கி, பின்னர் தேசிய வைரஸ் ஆராய்ச்சிக் கழகமாக வளர்ந்த நிறுவனமும் இங்கே உள்ளது. உயர்திறன் கணிப்பொறிகளை நாட்டிலேயே ஆக்குவதற்காக 1988-இல் நிறுவப்பட்ட சி-டாக் நிலையத்தின் தலைமையிடமும் இந்நகரமே. செயற்கை நுண்ணறிவுப் பணிகளுக்கென அமைந்த பரம் சித்தி என்னும் பெருங்கணிப்பொறி, 2020-ஆம் ஆண்டில் உலகின் தலைசிறந்த 500 கணிப்பொறிகளின் வரிசையில் 63-ஆம் இடத்தைப் பெற்றது. ஆக, மருத்துவமும் கணிப்பொறியும் ஒருங்கே தழைத்த ஊர் இது. படைத்தளங்களையும் வெடிமருந்துத் தொழிற்சாலையையும் நாடிவந்து காட்கி, தேஹு ரோடு முதலிய பகுதிகளில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் தமிழர்களுக்கும், ராஸ்தா பேட்டில் வேரூன்றிய குடும்பங்களுக்கும், பிற்காலத்தில் பிம்ப்ரி-சிஞ்ச்வட் ஆலைகளுக்கும் ஹிஞ்சவடி கணிப்பொறி அலுவலகங்களுக்கும் வந்து சேர்ந்த இளைஞர்களுக்கும் இவ்விரண்டும் அன்றாடம் புழங்கும் செய்திகள்.

புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட டீப்டெக் என்னும் நிறுவனம் எக்ஸ்ரே படங்களைப் படிக்கும் நிரல்களை ஆக்கி வருகிறது. அந்நிறுவனத்தின் காசநோய் நிரலைச் சென்னை மாநகராட்சி தன் நடமாடும் எக்ஸ்ரே வண்டிகளில் பயன்படுத்தியது. புனேயில் உருவான இயந்திரம் சென்னைத் தெருக்களில் வாழ்வோரின் மார்பைப் படித்தது. தமிழ்நாட்டிலிருந்து புனேக்கு வந்து பிழைப்பவர் உண்டு. புனேயிலிருந்து தமிழ்நாட்டுக்குச் சென்று நோய் தேடும் கருவியும் உண்டு. இவ்வகைக் கருவி அயலூர்க் கதையன்று என்பதற்கு இஃதொன்றே போதும்.

இதனால் விளையும் நன்மையை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். உலகில் காசநோயால் புதிதாகத் தாக்கப்படுவோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனத்தின் அண்மைக் கணக்குகள் காட்டுகின்றன. எக்ஸ்ரே படம் எடுக்கும் வசதி வந்த சிற்றூர்களில்கூட அதனைப் படித்துச் சொல்லும் நிபுணர் அருமையாகவே கிடைக்கிறார். படம் எடுத்த பின்னர் நிபுணரின் கருத்துக்காகக் காத்திருக்கும் நாட்களில் கூலித் தொழிலாளி வேறு ஊருக்குப் பெயர்ந்துவிடுகிறார். நோயும் அவரோடு பெயர்கிறது. இக்குறையைத் தீர்க்கும் பொருட்டே, 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களிடம் காசநோயைச் சல்லடையிட்டுத் தேடும்போது, மனிதர் படிப்பதற்குப் பதிலாகக் கணிப்பொறி நிரலைக் கொண்டு எக்ஸ்ரே படத்தைப் படிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தது. ஐயத்துக்கு இடமானவரைப் பிரித்தெடுப்பதே கருவியின் வேலை. நோயை உறுதி செய்வது சளிப் பரிசோதனையின் வேலை. இந்த வரம்பு மறக்கப்படாத வரையில் கருவி நல்ல ஊழியன்.

இனி, இக்கருவி எவ்வாறு கற்கிறது என்பதைப் பார்ப்போம். பழைய கணிப்பொறிக்கு மனிதர் விதிகளை எழுதிக் கொடுத்தனர். "இது இருந்தால் அதைச் செய்" என்று ஒவ்வொரு படியும் தாளில் இருந்தது. புதிய முறை வேறு. ஆயிரக்கணக்கான, இலட்சக்கணக்கான படங்களை, "இது நோயுள்ளது, இது நோயற்றது" என்ற குறிப்புடன் அதற்குக் காட்டுகின்றனர். ஒவ்வொரு முறை தவறும்போதும் அது தன்னுள்ளே இருக்கும் கோடிக்கணக்கான எண்களைச் சிறிது சிறிதாகத் திருத்திக்கொள்கிறது. முடிவில் சரியான விடையை மிகுதியாகச் சொல்லும் நிலைக்கு வருகிறது. அவ்வெண்களை எல்லாம் ஆக்கியவர்கள் பார்க்க முடியும். ஆனால் அவற்றைக் காரணங்களாகப் படிக்க முடியாது. திறந்தே கிடக்கும் பெட்டி இது. உள்ளே எழுதியிருப்பது எவருக்கும் தெரிந்த மொழியில் இல்லை.

விழித்திரைப் படங்களில் நடந்த ஆராய்ச்சி இதற்கு வியப்பான சான்று. நீரிழிவால் கண்ணில் உண்டாகும் கேட்டைக் கண்டறிய கூகுள் நிறுவனத்தினர் 2016-இல் வெளியிட்ட ஆய்வுக்கு உதவிய இந்திய மருத்துவமனைகளில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் சென்னை சங்கர நேத்ராலயமும் இருந்தன. தமிழ் மக்களின் கண்களும் அந்த இயந்திரத்துக்குப் பாடம் சொன்னவை என்பதை நாம் நினைவில் வைத்துக்கொள்ளலாம். 2018-இல் அதே நிறுவனத்தினர் வேறோர் ஆய்வில், விழித்திரைப் படத்தை மட்டும் கொண்டு அது ஆணுடையதா பெண்ணுடையதா என்பதை இயந்திரம் மிகப் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுவதைக் கண்டனர். எந்தக் கண் மருத்துவரும் அவ்வாறு சொல்லக் கற்றதில்லை. இயந்திரம் எதைப் பார்த்துச் சொல்கிறது என்று அப்பொழுது எவராலும் தெளிவாகக் கூற இயலவில்லை. விந்தையாகக் கேட்டு மகிழத்தக்க செய்தி இது. ஆனால் அதே வகைக் கருவி "உமக்குப் புற்றுநோய்" என்று சொல்லும்போது, விந்தை என்று கேட்டுவிட்டுப் போக முடியாது.

காரணம் தெரியாமல் விடையை மட்டும் ஏற்பதில் உள்ள அபாயத்துக்கு உதாரணங்கள் பல. 1990-களில் அமெரிக்காவில், நிமோனியா என்னும் நுரையீரல் அழற்சி கண்டவர்களில் யாருக்கு உயிராபத்து மிகுதி என்று கணிக்கும் முறைகளைச் சோதித்தனர். அவற்றுள் ஒன்று, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்துக் குறைவு என்று கற்றுக்கொண்டது. மருத்துவம் பயின்ற எவரும் திடுக்கிடும் முடிவு இது. உண்மையில் நடந்தது யாது? ஆஸ்துமா உள்ளவருக்கு நிமோனியா வந்தால் மருத்துவமனையினர் உடனே தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்துக் கண்ணுங்கருத்துமாகக் கவனித்தனர். ஆகவே அவர்கள் பிழைத்தனர். அந்தக் கவனிப்பை அறியாத கருவி, அவர்களுக்கு ஆபத்தே குறைவு என்று பாடம் படித்துவிட்டது. அதனை நம்பி அவர்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் பல உயிர்கள் போயிருக்கும். இப்பிழை எவ்வாறு வெளிப்பட்டது என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. பிழை செய்த முறை, மனிதர் படிக்கக்கூடிய விதிகளாக எழுதப்பட்டிருந்தது. அதே தகவலிலிருந்து கற்ற மற்றொரு முறை, கணிப்பில் அதைவிடத் துல்லியமானது. ஆனால் அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று படிக்க முடியவில்லை. ஆகவே துல்லியமான அம்முறையை நோயாளிகளிடம் பயன்படுத்த வேண்டாம் என்று ஆராய்ச்சியாளர் முடிவு செய்தனர். தெரிந்த ஒரு பிழையைத் திருத்தலாம். தெரியாத பிழைகள் எத்தனை உள்ளே இருக்கின்றனவோ என்பதே அவர்களுடைய அச்சம்.

2018-இல் வெளியான இன்னோர் ஆய்வில், எக்ஸ்ரே படத்தில் நிமோனியாவைக் கண்டறியக் கற்ற கருவி, படம் எந்த மருத்துவமனையில் எடுக்கப்பட்டது என்பதையும் கண்டுபிடிக்கக் கற்றிருந்தது தெரியவந்தது. சில மருத்துவமனைகளில் நோயாளிகள் மிகுதி. ஆகவே மருத்துவமனையை அறிந்தால் நோயைப் பாதி ஊகித்துவிடலாம். நுரையீரலைப் படிக்கச் சொன்னால், அது முகவரியையும் சேர்த்துப் படித்தது. பழகிய மருத்துவமனைகளில் நன்றாகத் தேறிய கருவி, புதிய மருத்துவமனைக்குக் கொண்டு சென்றபோது பல இடங்களில் தடுமாறியது. தேர்வுத்தாளைத் திருத்தும் ஆசிரியரின் முகத்தைப் பார்த்து விடை சொல்லும் மாணவன் வேறு பள்ளிக்குச் சென்றால் என்ன ஆவான் என்பதை நாம் அறிவோம்.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. "மருத்துவத்தில் காரணம் தெரியாமலே பயன்படுத்தும் பொருள்கள் பல இல்லையா?" என்று கேட்கலாம். உண்மைதான். ஆஸ்பிரின் மாத்திரை 1899 முதல் விற்பனையில் இருந்தது. அது உடம்பில் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை ஜான் வேன் என்னும் விஞ்ஞானி 1971-இல்தான் விளக்கினார். இடையே 70 ஆண்டுகளுக்கு மேலாகக் கோடிக்கணக்கானவர் காரணம் தெரியாமலே அதனை உண்டு நலம் பெற்றனர். அனுபவம் மிக்க மருத்துவர்கூட, நோயாளி வாயிலில் நுழையும்போதே "இவருக்கு ஏதோ சரியில்லை" என்று உணர்கிறார். ஏன் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரிவதில்லை. அவ்வாறிருக்க, இயந்திரத்திடம் மட்டும் காரணம் கேட்பது முறையா?

இவ்வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. காரணம் தெரியாத பொருளை மருத்துவம் ஏற்றுக்கொள்வது உண்டு; ஆனால் சோதனையில் தேறிய பின்னரே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது மருத்துவம் பட்டுக் கற்ற பாடம். இதற்கு நம்முடைய சென்னையிலேயே சிறந்த சான்று உண்டு. 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை சேர்ந்து சென்னையில் காசநோய் மருந்து ஆராய்ச்சி நிலையத்தை அமைத்தன. காசநோயாளியை ஆரோக்கிய நிலையத்தில் மாதக்கணக்கில் படுக்க வைக்க வேண்டும் என்பது அக்கால நம்பிக்கை. நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை ஆரோக்கிய நிலையத்திலும் மற்றொரு பிரிவினரை அவரவர் எளிய வீடுகளிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தனர். இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒன்றுபோலவே குணமடைந்தனர். முடிவுகள் 1959-இல் எல்லாரும் படிக்கும்படி வெளியிடப்பட்டன. உலகமே காசநோய்ச் சிகிச்சை முறையை மாற்றிக்கொண்டது. அந்நம்பிக்கை பிறந்தது திறந்த சோதனையினால். எவரும் மீண்டும் செய்துபார்க்கத்தக்க கணக்கினால். செயற்கை நுண்ணறிவிடமும் நாம் கேட்பது இதுவே. உள்ளே நடப்பதை முழுதும் விளக்க இயலாது போயினும், வெளியே நடப்பதை அளந்து காட்டலாமே! எந்த மக்களிடம் சோதித்தீர்கள், எத்தனை நோயாளிகளை விட்டுவிட்டது, எத்தனை நலமுள்ளவர்களை வீணே அலையவைத்தது என்பதற்குக் கணக்கு வேண்டும்.

அனுபவ மருத்துவரின் உள்ளுணர்வுக்கும் இயந்திரத்தின் எண்ணுக்கும் மற்றொரு வேற்றுமை உண்டு. மருத்துவர் பதிவு பெற்றவர், பெயருடன் கையெழுத்திடுபவர், தவறினால் மருத்துவக் கவுன்சிலின் முன்னரும் நீதிமன்றத்தின் முன்னரும் நிற்க வேண்டியவர். மருத்துவச் சேவையும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்துவிட்டது. இயந்திரம் தவறினால் யார் பொறுப்பு? ஆக்கியவர் "நாங்கள் ஆலோசனை மட்டுமே கூறினோம்" என்பார். வாங்கிய மருத்துவமனை "சான்றிதழ் பெற்ற கருவி" என்பார். மருத்துவர் "கருவி அவ்வாறு காட்டிற்று" என்பார். பொறுப்பு கைமாறிக்கொண்டே போய், கடைசியில் நோயாளியின் தலையிலேயே வந்து விழும்.

ஆகவே, "இயந்திரத்தின் மறைபொருள்" என்று பொதுவாகச் சொல்லும்போது அதனுள் மூன்று வேறு மறைவுகள் கலந்திருப்பதைப் பிரித்தறிய வேண்டும். முதலாவது, இயற்கையான மறைவு. கோடிக்கணக்கான எண்களை மனிதர் படிக்க இயலாமை. இரண்டாவது, வணிக மறைவு. சொல்லக்கூடியதையும் தொழில் இரகசியம் என்று பூட்டிவைப்பது. மூன்றாவது, வாய்மறைவு, கருவி பயன்பட்டது என்பதையே நோயாளிக்குச் சொல்லாமை. முதலாவதை விஞ்ஞானம்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். மற்ற இரண்டும் மனிதர் செய்தவை; மனிதர் நினைத்தால் நீங்கக்கூடியவை.

வணிக மறைவுக்கு ஒரு சான்று கூறலாம். தொற்றுக்கு உடல் கட்டுமீறி எதிர்வினை செய்வதால் உயிருக்கு ஆபத்தாகும் செப்ஸிஸ் என்னும் நிலையை முன்கூட்டியே எச்சரிக்கும் நிரல் ஒன்றை எபிக் என்னும் நிறுவனம் அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான மருத்துவமனைகளுக்கு வழங்கியிருந்தது. அதன் உள்ளமைப்பு நிறுவனத்துக்கே உரிய இரகசியம். 2021-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் தம் நோயாளிகளின் குறிப்புகளைக் கொண்டு அதனைத் தாமே சோதித்தனர். செப்ஸிஸ் கண்டவர்களில் மூன்றில் இருவரை அது தவறவிட்டிருந்தது. வெளியாரின் சோதனை முன்னரே நடந்திருந்தால், அத்தனை மருத்துவமனைகளிலும் அதன்மேல் வைத்த நம்பிக்கையின் அளவு வேறாக இருந்திருக்கும்.

"முடிவு செய்பவர் மருத்துவர்தானே, இயந்திரம் துணைதானே" என்று சிலர் ஆறுதல் கூறுவர். அவ்வாறுதலும் முழுமையானதன்று. 2023-இல் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் 27 மருத்துவர்களிடம் மார்பகப் படங்களைக் கொடுத்து, செயற்கை நுண்ணறிவின் கருத்து என்று சொல்லிச் சிலவற்றில் வேண்டுமென்றே தவறான குறிப்பை இணைத்தனர். குறிப்புச் சரியாக இருந்தபோது நூற்றுக்கு 82 அளவில் சரியாகச் சொன்ன, பல்லாண்டு அனுபவமுள்ள மருத்துவர்களே, குறிப்புத் தவறாக இருந்தபோது 46 அளவுக்கு இறங்கினர். அனுபவம் குறைந்தவர்கள் 20 அளவுக்கு வந்துவிட்டனர். பக்கத்தில் ஒருவர் உறுதியாகச் சொல்லிக்கொண்டே இருந்தால் நம் கண்ணையே நாம் நம்பாமல் போவது மனித இயல்பு. அவர் காரணமும் சொல்வாரானால் மறுத்துப் பார்க்கலாம். காரணம் சொல்லாதவரை மறுப்பதற்குப் பிடிமானம் ஏது?

இன்னொரு நுட்பமான செய்தியும் உண்டு. காசநோய்க் கருவி ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண் தருகிறது. எத்தனைக்கு மேல் போனால் "சந்தேகம்" என்று கொள்வது? அந்த எல்லைக் கோட்டை இயந்திரம் தானாக வகுப்பதில்லை, மனிதர் வகுக்கின்றனர். கோட்டைத் தாழ்த்தினால் நோயாளி தப்பமாட்டார். ஆனால் நலமுள்ளவர் பலர் பரிசோதனைக்கு அலைவர், செலவும் கூடும். உயர்த்தினால் செலவு குறையும்; சில நோயாளிகள் "நலம்" என்ற சொல்லோடு வீடு திரும்புவர். இது விஞ்ஞானக் கணக்கு மட்டும் அன்று. யாருடைய துன்பத்துக்கு எவ்வளவு மதிப்பு என்ற அறக்கணக்கு. உலக சுகாதார நிறுவனமும் எல்லா நாட்டுக்கும் ஒரே கோட்டை வகுக்காமல், அந்தந்த இடத்தில் அளந்து முடிவு செய்யும்படியே விட்டிருக்கிறது. அக்கோடு எங்கே, ஏன் அங்கே என்பதைப் பொதுமக்கள் அறியச் செய்வது பெரிய காரியமன்று. அதற்கு எந்த எண்ணையும் உடைத்துப் பார்க்க வேண்டியதில்லை.

வெளிமாநிலங்களில் வாழும் தமிழருக்கு இப்பொருளில் தனிப்பட்ட கவலை ஒன்று உண்டு. புரியாத தீர்ப்பைக் கேட்டுக்கொள்வது அவர்களுக்குப் புதிதன்று. மருத்துவர் மராத்தியில் அல்லது இந்தியில் பேசுகிறார். அறிக்கை ஆங்கிலத்தில் வருகிறது. நோயாளி தமிழில் வலிக்கிறார். மகனோடு இருக்கத் திருநெல்வேலியிலிருந்து வந்த ஒரு தாய் "நெஞ்சு கரிக்கிறது, மூச்சு முட்டுகிறது, கிறுகிறுவென்று வருகிறது" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவசரத்தில் மகன் அதை "நெஞ்சு வலி" என்று மொழிபெயர்க்கிறார். படிவத்தில் ஒரு கட்டத்தில் ஒரு குறி விழுகிறது. அக்குறியே இயந்திரத்தின் உணவு. கரிப்புக்கும் வலிக்கும் உள்ள வேறுபாடு மொழியிலேயே தொலைந்துபோயிற்று; பின்னர் எத்தனை நுண்ணறிவு இருந்தும் அதனைத் திரும்பப் பெற இயலாது.

மற்றொரு நிலையையும் எண்ணிப் பாருங்கள். முன்பு காசநோய் வந்து முழுதும் குணமான ஒருவருடைய நுரையீரலில் தழும்பு நிலைத்திருக்கக்கூடும். முன்பு காசநோய் கண்டவர்களிடமும் முதியவர்களிடமும் இக்கருவிகளின் துல்லியம் குறைகிறது என்று வங்காள தேசத்தின் டாக்கா நகரில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வு காட்டியது. நாகர்கோவிலிலோ தருமபுரியிலோ சிகிச்சை பெற்றுக் குணமானவர் சாக்கனில் ஓர் ஆலையில் வேலைக்கு வருகிறார்; பழைய ஏடுகள் ஊரில் கிடக்கின்றன. இங்கே எடுத்த படத்தைப் பார்த்து இயந்திரம் "சந்தேகம்" என்கிறது. அது தழும்பா, புதிய நோயா என்பதை அந்த எண் சொல்லாது. சொல்லக்கூடியவர்கள் இருவரே: பழைய ஏடும், பழைய கதையைப் பொறுமையாகக் கேட்கும் மருத்துவரும். வேலை போய்விடுமோ என்று அஞ்சிப் பழைய நோயை மறைப்பவருக்கு இன்னும் தீங்கு. இயந்திரத்தின் மௌனத்தோடு நோயாளியின் மௌனமும் சேர்ந்தால் உண்மை வெளிவர வழியே இல்லை.

இந்நிலையில் நமக்குத் துணையாக உள்ள விதிகள் யாவை? நோயாளியின் சம்மதம் உண்மையான சம்மதமாக இருக்க வேண்டும். சிகிச்சையின் தன்மை, பயன், மாற்று வழி, ஆபத்து ஆகியவற்றைப் போதிய அளவு சொன்ன பின்னரே அதனைப் பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் சமீரா கோலி வழக்கில் தெளிவாக்கியது. மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவரின் குறிப்புகளை மூன்று ஆண்டுகள் காக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகள் கூறுகின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2023-இல் செயற்கை நுண்ணறிவுக்கென அறநெறி வழிகாட்டியை வெளியிட்டது. மனிதரின் மேற்பார்வை, பொறுப்பேற்றல், நம்பகத்தன்மை, பாகுபாடின்மை ஆகியவற்றை அது வற்புறுத்துகிறது. வழிகாட்டி வேறு, சட்டம் வேறு என்பது உண்மையே. ஆனால் நல்ல மருத்துவமனையை அளக்க அது நம் கையில் உள்ள அளவுகோல். மேலும், 2023-இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவலைப் பெறச் சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பை அளிக்க வேண்டும் என்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. பிரிவுகள் படிப்படியாக நடைமுறைக்கு வரும் வண்ணம் அமைந்துள்ளன. எட்டாம் அட்டவணையில் தமிழும் உண்டு. புனேயில் இருந்துகொண்டே தமிழில் அறிவிப்பைக் கேட்பது சலுகை வேண்டுவதாகாது.

நேயர்கள் ஐந்து வினாக்களை நினைவில் வைத்துக்கொள்வது நலம். இந்த முடிவுக்கு வர இயந்திரம் பயன்பட்டதா? படத்தையோ அறிக்கையையோ மருத்துவர் ஒருவர் தாமே பார்த்துக் கையெழுத்திட்டாரா? இயந்திரத்தின் கருத்தும் அவர் கருத்தும் ஒன்றா, வேறா? இதனை உறுதி செய்ய வேறு பரிசோதனை உண்டா? என் பழைய நோயும் பழைய மருந்தும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டனவா? இவ்வினாக்களைப் பணிவாகக் கேட்கலாம். கேட்பது மருத்துவரை ஐயுறுவதாகாது. நல்ல மருத்துவர் இவற்றை வரவேற்பார். ஊரிலிருந்து வரும்போது பழைய எக்ஸ்ரே படங்களையும் மருந்துச் சீட்டுகளையும் எடுத்து வருவதும், மொழி அறிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்வதும், நோயாளி சொன்ன தமிழ்ச் சொல்லையே மருத்துவரிடம் விரித்துரைப்பதும் எல்லாருக்கும் இயன்றவை. தமிழ்ச் சங்கங்களும் கோயில் கூட்டங்களும் விழாக்களுக்குச் செலவிடும் உழைப்பில் சிறு பகுதியை, மருத்துவமனைக்கு உடன்செல்லும் மொழித் துணைவர்களை ஏற்படுத்துவதில் செலவிட்டால் அது பெருந்தொண்டாகும்.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம், மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகள் கூறி முடிகிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து உதவுபவர். புதிதாக வந்த இயந்திரம் இந்நான்கில் எங்கே அமரும் என்று கேட்டால், மருத்துவரின் இடத்தில் அமர அதற்குத் தகுதி இல்லை. மருத்துவர் விடை சொல்வதோடு நிற்காமல், சொன்ன விடைக்குப் பொறுப்பும் ஏற்கிறார். இயந்திரம் அருகிருந்து உதவுபவரின் வரிசையில் அமரலாம். சுறுசுறுப்பாகவும் சோர்வின்றியும் பணி செய்யலாம். அதன் திறமையை நாம் மறுக்க வேண்டியதில்லை. அதன் முன்னே வாய்மூடி நிற்கவும் வேண்டியதில்லை. எத்தனை துல்லியமான கருவி வந்தாலும், "ஏன்?" என்று நோயாளி கேட்கும்போது பதில் சொல்ல ஒரு மனிதர் எதிரே இருக்க வேண்டும், கூடுமானால், நோயாளிக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும்.